ஒரு தீர்ப்பும் ஒரு மடலும்: பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதிற் பொது எதிர்ப்பும் தனிமனிதப் பொறுப்பும்

பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிக்க எழுந்த முயற்சிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை இரு வழிகளில் நடைபெற்று வந்துள்ளமை புலனாகும். மக்கள் பொது இடங்களிற் கூடித் தமது எதிர்ப்பைத் தெரிவித்து, அதன் மூலம் அரசையும் சட்டத்தையும் மாற்ற முனைவது ஒரு வழி. வன்முறை நிகழும் இடத்திலோ, அது பற்றித் தீர்மானிக்கப்படும் இடத்திலோ இருக்கும் தனிமனிதன் தன் கடமையைத் தானே உணர்ந்து செய்வது மற்றைய வழி. இவ்விரண்டனுள் எது முதன்மையானது என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வீதியில் இறங்குவோர் சட்டம் மாறவேண்டும் என்பர்; ஒழுக்கம் போதிப்போர் உள்ளம் மாறவேண்டும் என்பர். இவ்விரு கூற்றுகளும் தனித்து நிற்குமிடத்துக் குறைபாடுடையன என்பதற்கு, இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் ஓர் இரவிலே தொடங்கி, அதன் விளைவுகள் அரை நூற்றாண்டுக்கு நீண்ட ஒரு வழக்கின் வரலாறு தக்க சான்றாகும். சட்ட வரலாற்றில் அது மதுரா வழக்கு எனப் பெயர் பெற்றுள்ளது.

சட்டத்துக்கும் உள்ளத்துக்கும் இடையிலான இவ்விடைவெளி அவ்வழக்கோடு தோன்றியதன்று. கணவனின் சிதையில் மனைவியை எரிக்கும் வழக்கத்தை எதிர்த்து இராசாராம் மோகன்ராய் முதலியோர் எழுதியும் வாதாடியும் வந்தனர். 1829 ஆம் ஆண்டு டிசெம்பர் 4 ஆந் திகதி ஆளுநர் நாயகம் பெண்டிங் பிரபு வங்காளத்தில் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார். ஆயினும் 158 ஆண்டுகள் கழிந்து, 1987 ஆம் ஆண்டு செத்தெம்பர் 4 ஆந் திகதி, ராஜஸ்தானின் தேவ்ராலா என்ற கிராமத்தில் ஓர் இளம் விதவை கணவனின் சிதையில் எரிந்து மாண்டாள். பெருந்திரளான மக்கள் சூழ்ந்து நின்று அதனைப் பார்த்தனர். சட்டம் இருந்தது, கூட்டமும் இருந்தது, தடுக்க ஒருவர்தானும் முன்வரவில்லை. மக்கள் திரள்வது மாத்திரமே நன்மை பயத்துவிடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. இதனை மனத்திற் கொண்டு மதுரா வழக்கை நோக்குதல் பொருத்தமாகும்.

தேசாய்கஞ்சில் ஓர் இரவு

மகாராட்டிர மாநிலத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில், பின்னர் கட்சிரோலி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பகுதியில், தேசாய்கஞ்ச் என்ற சிற்றூர் உள்ளது. பெற்றோரை இழந்து, தமையனின் ஆதரவில் வாழ்ந்து, கூலிவேலை செய்துவந்த பழங்குடிச் சிறுமி ஒருத்தி, தான் வேலைக்குச் சென்ற வீட்டுப் பெண்ணின் உறவினனான ஓர் இளைஞனை விரும்பினாள். மருத்துவ மதிப்பீட்டின்படி அவளுடைய வயது 14 க்கும் 16 க்கும் இடைப்பட்டது. தங்கையைக் கடத்திச் சென்றுவிட்டார்கள் எனத் தமையன் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தான். 1972 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி இரவு 9 மணியளவில் சம்பந்தப்பட்ட யாவரும் அங்கு அழைத்துவரப்பட்டனர். விசாரணை முடிந்து, தலைமைக் கொன்ஸ்தாபிள் வீடு சென்ற பின்னர், அங்கிருந்த இரு பொலிஸ்காரர் அச்சிறுமியை உள்ளே நிற்குமாறு கூறி, ஏனையோரை வெளியே அனுப்பினர். அவர்களுள் ஒருவர் தன்னைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினார் என்பதும், மற்றவர் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பதும் அவள் கூறிய குற்றச்சாட்டுகள்.

அதன்பின் நடந்தது வழக்கின் வரலாற்றில் போதிய கவனத்தைப் பெறவில்லை. வெளியிற் காத்துநின்ற உறவினர், நிலையத்தின் விளக்குகள் அணைந்தும் கதவு அடைபட்டும் இருப்பதைக் கண்டனர். அவர்கள் பெயர் சொல்லிக் கூவியழைக்கவே, அயலவர் திரண்டனர். அவள் போய்விட்டாள் என்று பொலிஸ்காரர் ஒருவர் கூறினார். ஆயினும் கூட்டம் கலையவில்லை. சற்று நேரத்தில் அச்சிறுமியே வெளியே வந்து தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள். தலைமைக் கொன்ஸ்தாபிள் வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்டபோது, கூட்டம் கொதிப்படைந்து, நிலையத்துக்கே தீ வைப்பதாக அச்சுறுத்திக்கொண்டிருந்தது. அவர் கூட்டத்தைக் கலையச் செய்து, அதன் பின்னரே அவளுடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்.

இந்திய நாடு முழுவதும் பரவிய ஒரு மாபெரும் இயக்கத்தின் முதல் எதிர்ப்புக் கூட்டம் இதுவே எனலாம். அதற்குக் கொடியும் இல்லை. கோரிக்கைப் பட்டியலும் இல்லை. எழுத்தறிவற்ற ஏழைக் கூலிகளும் அயலவரும் கூடிய கூட்டம் அது. அடைபட்ட கதவைக் கண்டு வீடு திரும்பாது நின்ற சிலரின் பொறுப்புணர்ச்சியே அங்கு எதிர்ப்பாக வடிவெடுத்தது. அவர்கள் அவ்விரவில் கலைந்து சென்றிருப்பின், அந்த வாக்குமூலம் எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. வாக்குமூலம் இன்றேல் வழக்கும் இல்லை, வரலாறும் இல்லை. அதிகாரத்தை அஞ்சி வாழ்ந்த மக்கள் அவ்வதிகாரத்தின் வாயிலிலேயே நின்று நியாயம் கேட்டமை, பின்னர் கற்றறிந்தோர் செய்த எதனிலும் குறைந்த துணிவுடையதன்று.

மூன்று மன்றங்கள்

மறுநாள் மாலை, சம்பவம் நிகழ்ந்து ஏறத்தாழ 20 மணித்தியாலங்கள் கடந்த பின்னரே அச்சிறுமி மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டாள். உடலிற் காயங்கள் இல்லை எனவும், அவள் முன்னரே உடலுறவில் ஈடுபட்டவள் எனவும் மருத்துவ அறிக்கை கூறியது. பெண்ணுறுப்பினுள் இரு விரல்களைச் செலுத்திப் பார்த்து இத்தகைய முடிவுக்கு வருவது அக்காலத்து மருத்துவர்களின் வழக்கமாயிருந்தது. நடந்தது என்ன என்பதை அறிய வேண்டிய பரிசோதனை, அவள் எத்தகையவள் என்பதை அறியும் பரிசோதனையாக மாறியமை இங்கு நோக்கற்பாலது.

1974 ஆம் ஆண்டு யூன் மாதம் செசன்ஸ் நீதிமன்றம் எதிரிகள் இருவரையும் விடுதலை செய்தது. அவள் உடலுறவுக்குப் பழகியவள் என்பதும், தன் காதலன் முன்னிலையில் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவே வல்லுறவுக் கதையைப் புனைந்தாள் என்பதும் அந்நீதிமன்றம் கண்ட முடிவு. 1976 ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதம் பம்பாய் மேல் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை இத்தீர்ப்பைப் புரட்டியது. அச்சத்தால் அடங்கிப்போதல் வேறு, விரும்பி இணங்குதல் வேறு என்ற தெளிவான வேறுபாட்டை அது சுட்டிக்காட்டியது. முன்பின் அறியாத பொலிஸ்காரரிடம், தமையன் செய்த முறைப்பாட்டுக்காக அழைத்துவரப்பட்ட ஒரு சிறுமி இணங்கியிருப்பாள் என்பது நம்பத்தகாதது எனக் கொண்டு, ஒருவருக்கு 5 ஆண்டுச் சிறையும் மற்றவருக்கு 1 ஆண்டுச் சிறையும் விதித்தது.

1978 ஆம் ஆண்டு செத்தெம்பர் 15 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் இருவரையும் மீண்டும் விடுதலை செய்தது. உடலிற் காயங்கள் இல்லாமையால், அவள் கடுமையாக எதிர்த்தாள் என்பதும் கூக்குரலிட்டாள் என்பதும் பொய் என அம்மன்றம் கருதியது. அக்காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, மரணம் அல்லது காயம் பற்றிய அச்சத்தினாற் பெறப்பட்ட இணக்கமே செல்லாத இணக்கமாகும்; அத்தகைய அச்சம் நிரூபிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இரவில், விளக்கணைந்த பொலிஸ் நிலையத்தில், சீருடையணிந்த இருவரின் முன்னிலையில், பெற்றோரற்ற ஒரு சிறுமிக்கு இயல்பாக எழக்கூடிய அச்சம் அந்தச் சட்ட வாசகத்தினுள் அடங்கவில்லை.

ஒரே சாட்சியங்களைக் கொண்டே மூன்று மன்றங்களும் தீர்ப்பளித்தன. ஒரே சட்டக்கோவையே மூன்றன் முன்னிலையிலும் இருந்தது. ஆயினும் மேல் நீதிமன்றம் கண்ட நியாயம் ஏனைய இரு மன்றங்களின் கண்களுக்குப் புலப்படவில்லை. எனவே, சட்டத்தின் குறைபாடு மாத்திரமே அநீதிக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. சட்டத்தை வாசிப்போர் பெண்ணைப் பற்றி உள்ளத்திற் கொண்டிருந்த எண்ணமும் அதற்குக் காரணமாயிற்று. நல்ல பெண் எதிர்த்திருப்பாள், எதிர்த்திருப்பின் காயம் இருக்கும், காயம் இல்லையாதலால் அவள் நல்லவள் அல்லள் என்ற எண்ணத் தொடர் எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஓராண்டும் ஒரு நாளும்

உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு இரகசியமாக வைக்கப்பட்டதன்று. அது சட்ட அறிக்கைகளில் அச்சாகி, நாடெங்குமுள்ள சட்டத்தரணிகளின் அறைகளுக்கும் சட்டக்கல்லூரி நூலகங்களுக்கும் சென்றது. பலர் அதனை வாசித்திருப்பர். ஆயினும் அது பெரியதோர் எதிர்ப்பை எழுப்பவில்லை. 1979 ஆம் ஆண்டு செத்தெம்பர் 16 ஆந் திகதி, அதாவது தீர்ப்பு வெளிவந்து ஓராண்டும் ஒரு நாளும் கழிந்த நிலையில், சட்ட ஆசிரியர் நால்வர் இந்தியாவின் பிரதம நீதியரசருக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார், பூனாவைச் சேர்ந்த வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர் ஆகியோரே அந்நால்வர். இவர்களுள் லோத்திகா சர்க்கார், இந்தியப் பெண்களின் நிலையை ஆராய 1971 ஆம் ஆண்டில் அரசு அமைத்த குழுவில் அங்கம் வகித்து, ஏட்டிலுள்ள உரிமைகளுக்கும் வாழ்விலுள்ள நிலைமைக்கும் இடையிலான தூரத்தை நேரிற் கண்டறிந்தவர்.

அம்மடல் ஆவேசக் கூற்றுகளால் மாத்திரம் ஆனதன்று. சட்ட நியாயத்தின் வழிநின்றும் வாதிட்டது. இணக்கத்தில் அடங்குதல் உண்டு. ஆனால் அடங்குதல் எல்லாம் இணக்கம் ஆகாது என்று மேல் நீதிமன்றம் காட்டிய வேறுபாட்டை அது மீண்டும் முன்வைத்தது. பெண்களை விசாரணைக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்தலாகாது, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் விதியாயிருக்க, அவ்விதி மீறப்பட்டமை பற்றித் தீர்ப்பு மௌனம் சாதித்ததைச் சுட்டிக்காட்டியது. சிறுமியின் வயது, வறுமை, கல்வியின்மை, அநாதை நிலை என்பன எவையும் நீதியரசர்களின் சிந்தனையிற் புகாதது ஏன் என்று வினவியது. மணமாகுமுன் ஒருவனை விரும்பினாள் என்பது, வேறொருவன் அவளைப் பலவந்தப்படுத்துவதற்கு உரிமைச் சீட்டு ஆகுமா என்பதே அம்மடல் எழுப்பிய வினாக்களுள் மிகக் கூரியது.

நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை, அதன் முன்னிலையில் வாதாடும் தொழிலுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியர்கள், தம் பெயரிட்டு இவ்வாறு வெளிப்படையாக விமர்சித்தமை வழமையான செயலன்று. நீதிமன்ற அவமதிப்பு என்ற குற்றச்சாட்டுக்கும் அவர்கள் ஆளாகியிருக்கலாம். தீர்ப்பு எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. அதற்கு மறுமொழி கூறும் பொறுப்பை நால்வரே தமதாக்கிக்கொண்டனர். தேசாய்கஞ்சில் அடைபட்ட கதவின் முன் நின்றவர்கள் செய்ததற்கும், இந்நால்வர் அச்சிட்ட பக்கத்தின் முன் இருந்து செய்ததற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை.

வீதிக்கு வந்த வினா

மடல் விதைத்த விதைக்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1975 முதல் 1977 வரை நிலவிய அவசரகால ஆட்சி நீங்கியபின், பொலிஸ் அத்துமீறல்கள் பற்றிய விழிப்பு இந்தியாவிற் பெருகியிருந்தது. 1978 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில், பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டு, அவளுடைய கணவன் பொலிசாரால் அடித்துக் கொல்லப்பட்டமை பெருங் கிளர்ச்சியை மூட்டியது. இத்தகைய சூழலில் மடலின் செய்தி பத்திரிகைகள் வாயிலாகப் பரவவே, பெண்கள் அமைப்புகள் பல அதனைத் தம் கோரிக்கையாக ஏற்றன. 1980 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாயில் வல்லுறவுக்கு எதிரான மன்றம் உருவாயிற்று. பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்கு எதிரான மன்றம் என அது பின்னர் பெயர் மாறிற்று. அவ்வாண்டு மார்ச் 8 ஆந் திகதி, சர்வதேச பெண்கள் தினத்தன்று, பம்பாய், டில்லி, நாக்பூர், ஐதராபாத் முதலிய நகரங்களில் வழக்கை மீள விசாரிக்கக் கோரி ஊர்வலங்கள் நடைபெற்றன.

அதுவரை வீட்டினுள்ளே தாழ்ந்த குரலிற் பேசப்பட்ட ஒரு பொருளை, பெண்கள் பகற்பொழுதில் நடுவீதியில் நின்று உரத்துப் பேசியமை இவ்வூர்வலங்களின் பெரும் பயன் எனலாம். வெட்கப்பட வேண்டியவள் பாதிக்கப்பட்டவள் அல்லள் என்ற கருத்து அன்று பொது அரங்கேறியது. இந்தியச் சட்ட ஆணைக்குழு 1980 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே தனது 84 ஆவது அறிக்கையை இப்பொருள் பற்றி அளித்தது. 1983 ஆம் ஆண்டில் குற்றவியற் சட்டம் திருத்தப்பட்டது. பொலிசார், அரச உத்தியோகத்தர், சிறைச்சாலை, மருத்துவமனை ஆகியவற்றின் அலுவலர் தம் பொறுப்பிலுள்ள பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்துதல் தனிக் குற்றமாக்கப்பட்டு, அதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்தகைய வழக்குகளில் உடலுறவு நிரூபிக்கப்பட்டு, தான் இணங்கவில்லை என்று பெண் சாட்சியமளிப்பின், இணக்கம் இருக்கவில்லை என்றே நீதிமன்றம் கொள்ளவேண்டும் என்ற விதியும் சான்றுச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதல் குற்றமாயிற்று.

இவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆயினும் வரலாறு இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் பதிவு செய்துள்ளது. யாருக்காக ஊர்வலங்கள் நடந்தனவோ அவளுக்கு அவற்றாற் பயன் கிட்டவில்லை. தீர்ப்பு மீள ஆராயப்படவில்லை. எதிரிகளின் விடுதலை விடுதலையாகவே நின்றது. அவளுடைய துயரத்தின் மீது எழுந்த சட்டம் அவளுக்குப்பின் வந்தோருக்கே உரியதாயிற்று. நாடெங்கும் அவளுடைய பெயர் முழங்கியபோதும், அவ்வியக்கத்தில் அவளுடைய குரல் ஒலித்ததாகக் கூறமுடியாது. பொது எதிர்ப்பு வருங்காலத்துக்கு வழி சமைக்கும். தவறு நிகழும் கணத்தில் அதனைத் தடுக்கும் ஆற்றல் அக்கணத்தில் அங்கு நிற்பவரிடமே உண்டு. அந்த இரு பொலிஸ்காரருள் ஒருவராவது மற்றவரைத் தடுத்திருப்பின், மடலும் ஊர்வலமும் சட்டத்திருத்தமும் வேண்டியிரா.

சட்டம் மாறியும் மாறாத கைகள்

1983 ஆம் ஆண்டின் திருத்தம் பழைய எண்ணத்தை முழுமையாக வேரறுக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பொதுவான நடத்தை ஒழுக்கமற்றது எனக் காட்டி அவளுடைய சாட்சியத்தை மறுக்க இடமளித்த பிரிவு சான்றுச் சட்டத்தில் மேலும் 19 ஆண்டுகள் நிலைத்திருந்தது. 2002 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே அதனை நீக்கியது. 2012 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை, 1980 ஆம் ஆண்டை விஞ்சிய மக்கள் எழுச்சியைத் தோற்றுவித்தது. முன்னாட் பிரதம நீதியரசர் ஜே. எஸ். வர்மா தலைமையில் அமைந்த குழு, பொதுமக்களிடமிருந்து வந்த ஏறத்தாழ 80,000 கருத்துகளைக் கவனத்திற் கொண்டு, ஒரு மாத காலத்தினுள் அறிக்கை சமர்ப்பித்தது. ராஜஸ்தானிற் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ஒரு கிராமப் பணியாளர் 1992 ஆம் ஆண்டில் வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டதன் தொடர்பில் எழுந்த விசாகா வழக்கில், தொழிலிடங்களில் நிகழும் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997 ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்த தீர்ப்பும் இதே நீதியரசருடையதே.

வீதியிற் குழுமியோருட் பலர் மரண தண்டனை கோரினர். வர்மா குழுவோ மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. முறைப்பாட்டை ஏற்காத பொலிசார், பொறுப்பை உணராத அதிகாரிகள் ஆகியோர் மீது கூடிய கவனம் செலுத்தியது. பாராளுமன்றம் சில சந்தர்ப்பங்களுக்கு மரண தண்டனையைச் சேர்த்ததாயினும், 2013 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வேறு இரு வகைகளில் தேசாய்கஞ்சின் இரவுக்கு மறுமொழி கூறியது. பெண் உடலால் எதிர்க்கவில்லை என்ற காரணத்தினால் மாத்திரம் அவள் இணங்கினாள் எனக் கொள்ளலாகாது என்று அது வெளிப்படையாக விதித்தது. இத்தகைய முறைப்பாட்டைப் பதிவு செய்யத் தவறும் அரச உத்தியோகத்தருக்குச் சிறைத்தண்டனை உண்டு எனவும் விதித்தது. 1972 ஆம் ஆண்டில் கூட்டம் அச்சுறுத்திப் பெற்ற ஒன்று, 41 ஆண்டுகளின் பின் சட்டம் வழங்கும் உரிமையாயிற்று.

ஆயினும் சட்டத்தின் எல்லை எதுவென்பதை மருத்துவப் பரிசோதனையின் பிற்கால வரலாறு காட்டுகின்றது. இரு விரற் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கும் அந்தரங்க உரிமைக்கும் முரணானது என உச்ச நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2014 ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சின் வழிகாட்டி நெறிகளும் அதனை விலக்கின. எனினும் 2022 ஆம் ஆண்டு ஒக்தோபர் 31 ஆந் திகதி அதே நீதிமன்றம் அப்பரிசோதனை இன்னும் நடைபெறுவதை வருந்திக் கண்டித்து, அதனைச் செய்வோர் தொழில் முறைகேடு இழைத்தவராகக் கருதப்படுவர் எனக் கூறவேண்டியதாயிற்று. தேசாய்கஞ்சின் சிறுமி பரிசோதிக்கப்பட்டு அப்பொழுது 50 ஆண்டுகள் கழிந்திருந்தன. தடை இருந்தும் அப்பரிசோதனையைச் செய்தவர்கள் சட்டத்தின் பகைவர்கள் அல்லர்; தம் ஆசிரியர்கள் கற்பித்ததை ஐயமின்றித் தொடர்ந்த கற்றறிந்த மருத்துவர்களே. பழக்கம் என்ற பெயரில் தனிமனிதன் தன் பொறுப்பைக் கைவிடுமிடத்து, ஊர்வலத்தினாற் பெற்ற சட்டமும் ஏட்டிலேயே தங்கிவிடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. வீதியில் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் அந்நியன் இழைத்த கொடுமைக்கு எதிராகவே கொதித்தெழுகின்றது. ஆனால் பெரும்பாலான வல்லுறவு வழக்குகளிற் குற்றஞ் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்டவருக்கு அறிமுகமானவரே என்பதை இந்தியாவின் குற்றப் பதிவேடுகள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துதலைக் குற்றத்தினின்று விலக்கும் விதியை நீக்குமாறு வர்மா குழு பரிந்துரைத்தும், அது நீக்கப்படவில்லை. 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைக்குப் பதிலாக 2024 ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டக்கோவையிலும் அவ்விதி இடம்பெற்றது. வீட்டு வாயிலில் ஊர்வலம் நின்றுவிடுகின்றது. அதற்கப்பால் நிற்பவர்கள் தமையனும் தந்தையும் கணவனும் மாமியும் அயலவருமே.

ஈழத்துக்கு வந்த பயன்

இவ்வரலாறு இலங்கைக்கு அந்நியமானதன்று. 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியச் சட்டக்கோவையை அடியொற்றியே ஆக்கப்பட்டது. எனவே, தேசாய்கஞ்சின் சிறுமிக்கு நீதி மறுத்த சட்ட வாசகத்தின் உடன்பிறப்பு இங்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்நிலையை மாற்றியது. இணக்கம் இருக்கவில்லை என்பதை நிரூபிக்க உடற் காயங்கள் போன்ற எதிர்ப்பின் சான்றுகள் இன்றியமையாதன அல்ல என அது வெளிப்படையாகக் கூறியது. அதாவது மதுரா வழக்கு எழுப்பிய வினாவுக்கு, இந்தியாவுக்கு 18 ஆண்டுகள் முன்னரே இலங்கைச் சட்டம் விடை பகர்ந்தது. பாலியல் தொல்லையும் அச்சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. ஆயினும் மனைவியைப் பொறுத்தவரை, நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழ்பவளுக்கே அப்பாதுகாப்பு வழங்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வன்முறைக்கு எதிராக நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்தது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிலையங்களிற் பகிடிவதையைத் தடைசெய்து, பாலியல் தொல்லையோடு கூடிய பகிடிவதைக்கு 10 ஆண்டு வரையிலான சிறையை விதித்தது.

சட்டங்களின் இப்பட்டியல் பெருமைப்படத்தக்கதே. ஆனால் இவற்றுள் எதுவும் தானாக இயங்குவதில்லை. விடுதி அறையில் நிகழும் பகிடிவதையை முதலிற் காண்பவர் நீதவான் அல்லர். அடுத்த கட்டிலில் இருக்கும் மாணவரே. அயல்வீட்டில் எழும் அழுகுரலை முதலிற் கேட்பவரும் பொலிசார் அல்லர். அது குடும்ப விடயம் என்று யன்னலைச் சாத்தும் கைக்கும், தேசாய்கஞ்சில் விளக்கை அணைத்த கைக்கும் இடையே உள்ள தூரம் கருதப்படுமளவுக்குப் பெரியதன்று.

மொழியிலும் இப்பொறுப்பு உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளும் நூல்களும் இக்குற்றத்தைக் குறிக்க நெடுங்காலமாகக் கற்பழிப்பு என்ற சொல்லையே வழங்கிவந்தன. அச்சொல்லின்படி அழிவது பெண்ணின் கற்பு; குற்றம் செய்தவனைப் பற்றி அச்சொல் யாதும் கூறுவதில்லை. இழப்பதற்குக் கற்பு இருந்ததா என்று செசன்ஸ் நீதிமன்றம் ஆராய்ந்த அதே எண்ணம் அச்சொல்லிலும் உறைகின்றது. பாலியல் வல்லுறவு என்ற வழக்கு அதன் இடத்தைப் பெற்றமைக்கு எந்தச் சட்டமும் காரணமன்று; எழுதும்போது தம் பேனாவைச் சற்று நிறுத்திச் சிந்தித்த பெண்ணிலைவாத எழுத்தாளரும் பத்திரிகையாளருமே காரணர்.

எனவே, பொது எதிர்ப்பா தனிமனிதப் பொறுப்பா என்ற வினாவே பிழையாக எழுப்பப்பட்ட வினா எனலாம். பொறுப்புணர்ந்த சிலர் இன்றிப் பொது எதிர்ப்புத் தோன்றுவதில்லை. தேவ்ராலாவிற் கூட்டம் இருந்தது, பொறுப்பு இருக்கவில்லை. பொது எதிர்ப்பு இன்றித் தனிமனிதனின் பொறுப்பு நிலைபெறுவதில்லை. மேல் நீதிமன்றத்தின் நேரிய தீர்ப்பு இரண்டாண்டுகளுக்குள் அழிந்தது, அதனைத் தாங்கிநிற்க அன்று நாட்டில் ஓர் இயக்கம் இருக்கவில்லை. பொறுப்பு எதிர்ப்பைத் தோற்றுவிக்க, எதிர்ப்புச் சட்டத்தைத் தோற்றுவிக்க, அச்சட்டம் மீண்டும் தனிமனிதனின் கையில் வந்து சேருகின்றது. அதனை நடைமுறைப்படுத்துவதும் கைவிடுவதும் அவனைப் பொறுத்தது.

கல்விக்கூடங்களுக்கு இவ்வரலாறு சிறப்பாக உரியதாகும். அந்தத் தீர்ப்பு அச்சிடப்பட்ட தொகுதி நூலகங்களின் தட்டுகளில் ஓராண்டாக இருந்தது. அதனை எடுத்து வாசித்தோர் பலர். வாசித்ததற்கு மறுமொழி எழுதியோர் நால்வர். அந்நால்வரும் செய்தது, ஆசிரியர் எவரும் மாணவர் எவரும் செய்யக்கூடியதே: வாசித்ததை உண்மையெனக் கொள்ளுமுன், அது யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவளுடைய நிலையில் தம்மை ஒருகணம் நிறுத்திப் பார்த்தனர், பின்னர் தம் பெயரிட்டு எழுதினர்.